சுவரில் பிடித்த கூரை

வீட்டுச் சுவரில் ஒரு மரத்தை ஆணியால் இறுக்கிப் பூட்டி, எதிர்ப்பக்கம் இரண்டு தூணை நட்டு, இடையில் வளைமரங்களைப் போட்டு, மேலே கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தகடான சீற்றை அடித்தால் கார் விடக் கொட்டகை தயார் என்று சொல்கிறவர், அந்த வேலையை ஒருநாளும் செய்து பார்க்காதவர்.

நானும் மச்சான் யூட்டும் மன்னார்த் தீவிலும் கரையோர ஊர்களிலும் இதைத்தான் செய்து திரிகிறோம். யூட் என் மனைவியின் தம்பி. முன்பு இரண்டு பேரும் கடலுக்குப் போனவர்கள். கடலை வாய்க்கு வந்தபடி ஏசலாம், அது திருப்பி ஒன்றும் சொல்லாது. வீட்டுக்காரர் அப்படியில்லை. நீங்களும் யாருக்காவது ஒரு கைவேலை செய்து கொடுத்து மாட்டுப்பட்டவர் என்றால், மேலே வாசியுங்கள். உங்களுக்கு விளங்கும்.

வெளிச்சமும் வெயிலும்

கீரி என்ற ஊரில் பென்சன் எடுத்த மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். முன்பக்கச் சுவரோடு கொட்டகை வேண்டும் என்றார். தகரம் போடுவோம் என்றேன். தகரம் போட்டால் முன்னறை இருட்டாகிவிடும், மனைவி அங்கேதான் தையல் மெசினில் இருக்கிறா, வெளிச்சம் ஒரு துளியும் குறையக்கூடாது என்றார். அப்படியென்றால் கண்ணாடிச் சீற்தான் சரி என்று சொல்லி, ஒரு துண்டை வெயிலுக்கு நேரே பிடித்து, அவருடைய உள்ளங்கையில் விழுந்த வெளிச்சத்தையும் காட்டினேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் ஓம், போடுங்கள் என்றார்.

பூட்டிக் கொடுத்துவிட்டு வந்து அடுத்த வேலையைத் தொடங்கியிருக்க மாட்டோம், போன் வந்தது. உச்சி வெயிலில் ஓடிப் போனேன். மாஸ்டர் கொட்டகைக்குக் கீழே காரின் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார். ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டேன். தோசைக்கல். வெளிச்சம் வரும் வழியால்தான் சூடும் வரும், இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியாது என்று பக்குவமாகச் சொன்னேன். கணக்குப் பிழைத்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

“வெளிச்சம் வரட்டும் எண்டுதானே தம்பி நான் சொன்னனான். வெயிலும் வரட்டும் எண்டு ஆர் சொன்னது?”

கட்டினவர் பக்கத்தில் இருக்கும்போது

பேசாலையில் ரெஜி என்ற தோழன் புதிதாக ஒரு வான் எடுத்திருந்தான். அவனுடைய வீட்டைக் கட்டியவர் அவன் மனைவியின் அண்ணன். மேசன். கூலி வாங்காமல் தங்கச்சிக்குக் கட்டிக் கொடுத்த வீடு என்று ஊர் முழுக்கத் தெரியும். நாங்கள் போன அன்று அவரும் ஒரு கதிரையைக் கொண்டுவந்து சுவருக்கு முன்னால் போட்டுக்கொண்டு இருந்தார்.

முதல் ஓட்டை போட்டேன். பிட்டுக்குள் விரல் போகிற மாதிரி டிறில் உள்ளே போனது. வெளியே வந்தது கல்லுத் தூளில்லை, கடற்கரை மணல். ஒரு சாண் தள்ளி இன்னொன்று போட்டேன். அதுவும் அப்படியே. போல்ட்டை வைத்து முறுக்கியதும், பூச்சையும் கொண்டு அது கையோடு வந்துவிட்டது. யூட் ஏணியில் நின்று என்னைப் பார்த்தான். ரெஜியின் மனைவி அண்ணனைப் பார்த்தா. அண்ணன் ஒருவரையும் பார்க்கவில்லை.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. பூட்டாமல் போனால் ஒரு குடும்பத்துக்குள் சண்டை. பூட்டினால், அந்த வானுக்குப் பக்கத்தில் விளையாடும் சின்னப்பிள்ளைகளின் தலையில் கூரை. கடைசியில் ரெஜியைத் தனியே கூப்பிட்டு, சுவரை நம்ப ஏலாது, சுவர்ப்பக்கமும் இரண்டு தூண் நட வேண்டும் என்று மெல்லச் சொன்னேன். மெல்லச் சொன்னது குசினிவரை கேட்டிருக்கிறது. அங்கே போயிருந்த அவன் மனைவி அழத் தொடங்கிவிட்டா. மேசன் எழும்பி வந்து, நான் போட்ட ஓட்டைக்குள் தன் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். கதிரையைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“நான் கட்டின சுவர் நிக்கும், தம்பி. இன்னொண்டைத் தூக்கிக்கொண்டு நிக்கச் சொன்னால் அது உங்கடை பிழை.”

சோளகம்

தென்மேற்கில் இருந்து வீசும் சோளகக் காற்று பிடித்துவிட்டால் தீவில் சீற் அடிக்கக்கூடாது. இது எனக்குத் தெரியும், யூட்டுக்குத் தெரியும், கொட்டகை கேட்ட பிலோமினா அக்காவுக்குத் தெரியாது. மகளைப் பெண் பார்க்க ஆட்கள் வருகினம், அவையின் கார் வெறும் மணலில் நிற்கக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றா. காற்று குறையட்டும் அக்கா என்று நான் எத்தனை தரம் சொல்லியும் காதில் ஏறவில்லை. சரி, விடியவே தொடங்கினால் காற்றுக்கு முந்திவிடலாம் என்று நினைத்தோம். காற்று எங்களுக்கு முந்தி எழும்பியிருந்தது.

மூன்றாவது சீற்றை யூட் மேலே ஏந்தினான். காற்று ஒரு அடி அடித்தது. சீற் படகுப்பாய் மாதிரி உப்பி, அவனையும் ஏணியையும் சேர்த்து இழுத்தது. நல்லவேளை, கையை விட்டான். சீற் வேலிக்கு மேலால் பறந்து அடுத்த வளவுக்குள் போய் விழுந்தது. அங்கே ஞானம் மாமி கருவாடு காயப்போட்டிருந்தா. நான் சுற்றி ஓடிப் போவதற்குள் மாமி அதைக் கருவாட்டுக்கு மேலே விரித்து நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டா. கீழே கருவாடு வெயில் காய்ந்தபடி. சுற்றிவரக் காகங்கள், வீட்டுக்காரர் இல்லாத வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் மாதிரி.

இந்த இரண்டு பெண்களும் வேலித் தகராறில் கதை பேச்சை விட்டு வருசக்கணக்கு. ஆகவே தபால்காரன் நான்தான். தன்ர சீற்றைத் தரச் சொல்லும்படி பிலோமினா அக்கா அனுப்புவா. நான் சுற்றிப் போய்ச் சொல்லுவேன். போன மழைக்குத் தன்ர முருங்கை முறிந்து அந்தப் பக்கம் விழுந்தபோது காய் திரும்பி வந்ததா என்று மாமி கேட்பா. நான் சுற்றி வந்து அதைச் சொல்லுவேன். ஒரு வார்த்தையை நான் மாற்றிச் சொன்னாலும், வேலிக்கு அந்தப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவ திருத்துவா. மத்தியானம் வரை நடந்தேன். கடைசியாகக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டபோது, மாமி கருவாட்டைப் புரட்டியபடி முகத்தை நிமிர்த்தாமலே சொன்னா.

“காத்துக் கொண்டுவந்து தந்தது. வேணுமெண்டால் காத்தை வந்து கேக்கச் சொல்லுங்கோ.”

வாகனத்துக்கு முந்தி வந்தவை

மன்னார் நகர ரவுணில் கந்தோர் ஒன்றில் பெரிய பதவியில் இருக்கும் மிஸ் ஒருவர். கார் இன்னும் வரவில்லை, கொட்டகையை முதலில் போட்டு வையுங்கள் என்றார். போட்டு வைத்தோம். அடுத்த நாள் காலை, வேலையில் பெரிய பிழை என்று போன். பதறிப் போய்ப் பார்த்தால் மரமும் சீற்றும் போட்டபடி இருக்கின்றன. கீழே தாயும் குட்டியுமாக ஒரு கழுதைக் குடும்பம். ரவுணில் அவிழ்த்துவிட்ட கழுதைகள் நிழல் கண்ட இடத்தில் நிற்கும், வாசலுக்குக் கதவாக ஒரு படலை போட்டால் சரி என்றேன். படலை போட்டால் வீட்டின் வடிவு போய்விடும் என்றார். விரட்டினோம். தெருமுனை வரை போய், எங்களுக்கு முந்தித் திரும்பி வந்தன. மிஸ் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டார்.

“கழுதை வராத மாதிரிக் கட்டத் தெரியாதெண்டால் அதை முதலே சொல்லியிருக்கலாம்.”

வெளிநாட்டுப் பெட்டி

வெள்ளாங்குளத்தில் நெல் விதைக்கிற வேலுப்பிள்ளை ஐயாவிடம் கார் இல்லை. கையால் பிடித்து உழும் ஒரு லான்ட்மாஸ்டர் மெசின் மட்டும்தான். ஆனால் கனடாவில் இருக்கும் மகன் கொட்டகையையே பெட்டியில் போட்டுக் கப்பலில் அனுப்பியிருந்தான். குடும்பத்தோடு வரும்போது வான் பிடித்து வருவானாம், அது நிற்க இடம் வேண்டுமாம். மரம், சீற், ஆணி எல்லாம் அளவெடுத்து வெட்டி அடுக்கியிருந்தது. படம் பார்த்துப் பூட்ட வேண்டியதுதான் என்றான் மகன். அதோடு விட்டானா? வீடியோவில் வந்து நின்றுகொண்டான்.

போனைப் பிடித்தவர் ஐயா. மகன் சுவரைக் காட்டச் சொல்ல, ஐயா வானத்தைக் காட்டுவார். வளையைக் காட்டச் சொல்ல, தன்னுடைய காதைக் காட்டுவார். பெட்டிக்குள் இருந்த மரமோ உயரமான சுவருக்கு அளந்தது. இந்த வீட்டின் ஓட்டுக்கூரை விளிம்பான இறப்பு என் தலைக்குக் கொஞ்சம் மேலேதான். தூணை வெட்டாமல் பூட்ட ஏலாது. வெட்டவே கூடாது, வெட்டினால் உத்தரவாதம் போய்விடும் என்று மகன் அங்கேயிருந்து பிடிவாதம். உத்தரவாதத்தைக் கேட்டு இங்கேயிருந்து கனடாவுக்கு யார் போகப்போகிறார்கள்? ஐயாவின் பெருவிரல் கமராவை மூடியிருந்த நேரம் பார்த்து யூட் மரமறுக்கும் வாளால் தூணை அறுத்துவிட்டான்.

பிறகு ஒருநாள் மாரி மழையில் அந்த வழியால் வந்தோம். கொட்டகைக்குக் கீழே கூட்டித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. ஒன்றும் நிற்கவில்லை. லான்ட்மாஸ்டர் முற்றத்தில் ஒரு படங்கைப் போர்த்துக்கொண்டு நனைந்தது. பொங்கலுக்கு வருகிறேன் என்ற மகன் சித்திரைக்கு மாற்றி, சித்திரையை ஆவணிக்கு மாற்றி, பிறகு மாதம் சொல்வதையே விட்டுவிட்டானாம். இவ்வளவு பாடுபட்டுப் பூட்டின கூரை சும்மா கிடக்க, மெசின் நனைந்து கறள் பிடிக்கிறதே என்று எனக்கு ஆத்திரம். அதை அப்படியே கேட்டும்விட்டேன். ஐயா மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அவன் வந்து முதலிலை நிப்பாட்டட்டும், தம்பி. பிறகு நான் விடுறன்.”

சொல்வழி கேளாத கார்

மறிச்சுக்கட்டியில் வீட்டுக்காரர் ரஹீம் நானா. நானா என்றால் அங்கே அண்ணன். புதிதாக வாங்கிய கார், ஆசனங்களின் பொலித்தீன்கூடக் கழற்றவில்லை. நாங்கள் மேலே நின்று ஆணி முறுக்கிக்கொண்டிருக்கிறோம், அவர் காரை ஓட்டிவந்து கீழே விடுகிறார். பொருந்துதா பார்க்கவாம். வேலை முடியவில்லை, வெளியே எடுங்கள் என்றேன். எடுத்தார். யூட் அடுத்த வளைக்குப் போனதும் திரும்ப விட்டார். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். எடுத்தார். வீட்டுக்குள் இருந்து தேத்தண்ணி வந்தது. நான் குவளையை வாயில் வைத்துக்கொண்டு திரும்புகிறேன், கார் கீழே நிற்கிறது. இனி இந்த மனுசனோடு கத்த ஏலாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு குந்தியிருந்தேன்.

மேலே யூட் வளைகளுக்குக் குறுக்கே பலகை போட்டு, அதில் நின்றுதான் வேலை செய்வான். அந்தப் பலகை சறுக்கியது. சமநிலைக்கு என்று வைத்த கால் சீற்றில் பட்டது. படார் என்று ஒரு சத்தம். நான் பார்க்கும்போது மேலே பெரிய ஓட்டை, கீழே காரின் முன்பக்கப் பொனற்றில் யூட் மல்லாக்கக் கிடக்கிறான். குவளை எங்கே போனதென்று தெரியாது. ஓடிப் போய்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கண் மூடியபடி கிடந்தான். எனக்கு மனைவியின் முகம்தான் முன்னால் வந்தது. அவளுக்கு இருக்கிறது இந்த ஒரு தம்பி. அவனைக் கடலில் இருந்து கரைக்குக் கூட்டிவந்தவன் நான்.

கண்ணைத் திறந்தான். வலது கை மணிக்கட்டில் கோணலாக நின்றது. நானா வந்து நின்றார். பொனற் குழிந்து, கண்ணாடி வெடித்திருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. நான் ஏதோ மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், புள்ளையைத் தூக்குங்க என்று அதட்டினார். அந்தக் காரிலேயே, வெடித்த கண்ணாடிக்குள்ளால் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். நான் பின்னால் பொலித்தீன் சரசரக்க யூட்டின் தலையை மடியில் வைத்திருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கார் நான் சொன்ன இடத்தில் நின்றிருந்தால் இவன் சீமெந்துத் தரையில் விழுந்திருப்பான்.

மணிக்கட்டு முறிந்தது மட்டும்தான், வேறு ஒன்றும் இல்லை என்றார்கள். வாசலில் நின்ற நானா தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். பயந்துபோனாயா என்று கேட்டேன். யூட் மாவுக் கட்டுப் போட்ட கையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

“விழேக்கை சீற்றுக்குள்ளாலை கீழை எல்லாம் வடிவாத் தெரிஞ்சது, அத்தான். நல்ல சீற்தான்.”

இவ்வளவையும் வாசித்த பிறகும் உங்கள் வீட்டுச் சுவரோடு ஒரு கூரை வேண்டும் என்று தோன்றினால் கூப்பிடுங்கள், வருகிறோம். கடலை விட்டால் வேறு தொழில் எங்களுக்குத் தெரியாது.