கடைசியாக எண்ணிய வீடு

எங்கள் ஊரில் எத்தனை வீடு, எத்தனை தலை என்று ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்த அளவுக்கு ஊர்த் தலைவருக்கே தெரிந்திருக்காது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். 2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது, தொடக்கப் பள்ளி டீச்சரான என் அம்மாவுக்கு எங்கள் ஊரையே ஒதுக்கியிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் படிவக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அம்மா முன்னால் போவாள். ஊர் வரைபடத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போவேன்.

வடக்கே சிதம்பரம் போகும் தார் ரோடு, தெற்கே வாய்க்கால், கிழக்கே இறால் குட்டை, நடுவில் மூன்று தெரு. அவ்வளவுதான் எங்கள் பூகோளம். மெத்தை வீட்டுக்குச் சதுரம், கூரை வீட்டுக்கு முக்கோணம். எழுதி முடித்த வீட்டின் மேல் பென்சிலால் டிக் போடுவது என் உத்தியோகம். "ஒருத்தரும் விட்டுப்போகக் கூடாது, ஒருத்தரும் ரெண்டு தடவ வரக் கூடாது" என்று பயிற்சி வகுப்பில் சொன்னதை அம்மா வாசலுக்கு வாசல் சொல்வாள். மூன்றாம் நாளிலிருந்து அவள் வாயைத் திறப்பதற்குள் நான் அதைச் சொல்ல ஆரம்பித்தேன். அதிகப்பிரசங்கி என்று பெயர் வாங்கியதும் அப்போதுதான்.

எல்லாச் சதுரத்திலும் எல்லா முக்கோணத்திலும் டிக் விழுந்துவிட்டது. எங்கள் வீட்டுச் சதுரம் மட்டும் வெறுமனே கிடந்தது. கேட்டால் அம்மா, "நம்ம வீடு எங்க ஓடிடப் போவுது?" என்பாள்.

காரணம் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. மங்கலம்பேட்டையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஆடிக்கு அழைத்து வந்தவள் திரும்பிப் போகவில்லை, அதற்குள் ரெண்டு பொங்கல் வந்து போய்விட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் அப்பா, "ஒடம்பு முடியல, வைத்தியம் பாக்க வந்திருக்கா" என்று சொல்லிவைத்திருந்தார். அந்த உடம்பு முடியாதவள்தான் தினம் காலையில் எங்கள் வீட்டுக்கு எட்டுக் குடம் தண்ணீர் தூக்கினாள்.

படிவங்களை வாங்கிப்போக மேலதிகாரி வருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது வீட்டில் வெடித்தது.

"அவ பேர எழுதி, கல்யாணக் கட்டத்துல இன்னா நம்பர் போடுவே? அதச் சொல்லு மொதல்ல" என்றார் அப்பா. கல்யாணம் ஆனவர், ஆகாதவர், துணையை இழந்தவர், பிரிந்தவர் என்று ஆளுக்கொரு எண் அந்தக் கட்டத்துக்கு உண்டு.

"அவளக் கேட்டு அவ சொல்றதப் போடுவேன். யாருக்கும் வெளிய தெரியாது."

"ஒனக்குத் தெரியுமில்ல? கவர்மென்ட்டுக்குத் தெரியுமில்ல? அவ அந்த வீட்டு ஆளு. அங்க எழுதிக்குவாங்க. நீ உட்டுடு."

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அத்தைதான் தலையைத் தூக்காமல் கேட்டாள். "ஏன் அண்ணி, அங்கயும் எழுதல, இங்கயும் எழுதலன்னா நான் எதுல வருவேன்?"

"எதுலயும் வர மாட்டே" என்றாள் அம்மா.

எழுதாமல் விட்டவர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நானாகவே முடிவுகட்டித் தம்பியிடமும் சொன்னேன். அவன் ஓவென்று அழுதான். அடி எனக்கு விழுந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே அப்பா வண்டியை எடுத்தார். "நானே போயி மாப்ளகிட்ட பேசி அங்க எழுத வெச்சிட்டு வரேன். அப்பறம் நீ இங்க பேனாவத் தொறக்கக் கூடாது."

"அங்க எழுதியாச்சுன்னா நான் ஏன் தொறக்கப் போறேன்?" என்றாள் அம்மா.

வண்டிச் சத்தம் ரோட்டில் அடங்கியதும் அத்தை தலைக்குக் குளித்தாள். பரண்மேல் கிடந்த பையை இறக்கித் தூசு தட்டினாள். புடவைகளை ஒவ்வொன்றாக மடித்து உள்ளே வைத்தாள். "ஊருக்குப் போறியா அத்த?" என்றேன். "கூப்ட்டா போவணுமில்ல" என்றாள். அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் வாசலுக்கு வந்துவந்து போனாள். அம்மா எழுதி முடித்த படிவங்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள். அந்தப் பகல் மாதிரி நீளமான பகலை நான் பார்த்ததே இல்லை.

நாலு மணிக்கு அப்பா வந்தார். வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார். அம்மா கொடுத்த தண்ணீரைச் செம்போடு குடித்து முடித்தார். அத்தை பக்கம் மட்டும் பார்க்கவே இல்லை.

"எழுதிட்டாங்களாம்" என்றார்.

"யார?" என்றாள் அம்மா.

"வீட்ல இருக்குறவங்கள. சம்சாரம்னு ஒரு பேர எழுதிட்டாங்களாம்." அப்பா காலிச் செம்பை அம்மாவிடம் நீட்டினார். "நீ இங்க எழுதிக்க."

அம்மா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். அத்தை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருத்தரும் ஒன்றும் சொல்லாததைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை பெரியவர்கள் இருந்தும் இவ்வளவு பெரிய பிழை ஒருவர் கண்ணிலும் படவில்லையே!

"ஐயோ, தப்பு! அங்கயும் எழுதி இங்கயும் எழுதினா அத்த ரெண்டு தடவ வந்துடுமே! ஒண்ண அடிக்கணும்!" என்று கத்தினேன்.

அப்பா பாய்ந்து இறங்கிக் கையை ஓங்கினார். அத்தை குறுக்கே வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவள ஏன் அடிக்கிற? அவ இன்னா பண்ணா?" என்று அண்ணனைக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினாள். "ரெண்டு தடவ இல்லடி. நான் ஒரு தடவதான் வருவேன். இங்கதான். அண்ணி, எழுதுங்க."

அம்மா தரையில் உட்கார்ந்து படிவத்தை விரித்தாள். அப்பா, அம்மா, நான், தம்பி என்று நாலு வரிசையை மளமளவென்று எழுதினாள். ஐந்தாவது வரிசைக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, முன்பின் தெரியாத வீட்டில் கேட்பது போலக் கேட்டாள். பெயர் என்ன, ஆணா பெண்ணா, வயது என்ன. அத்தையும் முன்பின் தெரியாதவளைப் போலவே பதில் சொன்னாள். குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று கேட்டபோது மட்டும் வாசலிலிருந்து அப்பா, "தங்கச்சி" என்றார்.

அந்தக் கட்டம் வந்தது. அம்மா கேட்கவில்லை, பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தாள்.

"பிரிஞ்சி இருக்கேன்னு போடுங்க அண்ணி" என்றாள் அத்தை.

அம்மா ஒற்றை எண்ணை எழுதினாள். அப்பா வெளியே போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். நான் எங்கள் சதுரத்தில் டிக் போட்டேன்.

அத்தனை பெரிய பிழையைக் கண்டுபிடித்ததற்கு ஒருத்தரும் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. ரோஷம் வந்து நான் சாப்பிட வர மாட்டேன் என்று படுத்துவிட்டேன். அத்தைதான் தட்டில் சோறு பிசைந்துகொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ இல்லன்னா இந்தத் தப்ப யாரு கண்டுபுடிச்சிருப்பா?" என்றாள். அது போதுமாயிருந்தது. எழுந்து உட்கார்ந்து வாயைத் திறந்தேன்.

நாலு வாய் உள்ளே போனதும் என் உத்தியோகம் நினைவுக்கு வந்துவிட்டது. "மங்கலம்பேட்டையில எழுதுனத அப்ப யாரு அடிப்பாங்க?"

அத்தை அடுத்த உருண்டையை உருட்டினாள். "அத ஒண்ணும் அடிக்க வாணாம். அவளும் ஒரு ஆளுதான? அவளையும் எண்ணணுமில்ல" என்றாள்.

எவள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வாயில் சோறு இருந்தது.