உதட்டில் ஆறு குண்டூசி

கைபேசி அடித்தால் எதிர்வீட்டுத் தையல்காரியின் கை முதலில் ஊசி மெத்தைக்குத்தான் போகும். ஆறு குண்டூசிகளை எடுத்து உதடுகளுக்கு நடுவே வரிசையாகக் கவ்விக்கொள்வாள். பிறகுதான் பச்சைப் பொத்தானை அமுக்கி, ஸ்பீக்கரில் போட்டு, வெட்டிய துணியின்மேல் வைப்பாள். பேசுகிறவர் யாரானாலும் கிடைக்கும் பதில் "ம்" ஒன்றுதான்.

நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதிலேயே நாற்பது வருடம் கழித்தவள் நான். விழுங்கிய ஊசியை எக்ஸ்ரேயில் பார்த்தவள். எச்சரித்தேன்.

"உள்ள போனா ஒரு ஊசி போகும், நர்ஸக்கா. வாயைத் திறந்தா மொத்தமும் போயிடுது" என்றாள்.

போன வருடம் திறந்தாள். வாங்காத கடனைக் கேட்டு ஒருவன் மிரட்டினான். அவன் வைத்ததும், கைது உத்தரவு தயார் என்று இன்னொருவன், அரசு அதிகாரியாம். கைபேசியில் வந்த ஆறு இலக்க எண்ணை வாசிக்கச் சொன்னான். வாசித்தாள். வலது கண்ணின் புரையை எடுக்க வைத்திருந்த பணம் வங்கியிலிருந்து மறைந்தது. "வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கறதுன்னு சொல்லுவாங்களே, அதான்" என்று அவளே சிரிப்பாள். அன்றிலிருந்து இந்த ஆறு ஊசி. மகள் வெளியூரில் வேலையில் இருக்கிறாள். அழைத்தால், தான்தான் என்று தெரிய இரண்டு முறை மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவாள், இவள் திருப்பி அழைப்பாள்.

வேலையில் கறார். காலர் வளைவைக் கட்டைவிரலால் தடவியே கோணல் கண்டுபிடிப்பாள். சட்டை இறுக்குகிறது என்று சண்டைக்கு வந்த ஒருவரிடம், "போன மாசம் குடுத்த அளவு உங்களோடதா, உங்க ஆசையோடதா?" என்று கேட்டாள். மனிதர் வயிற்றை எக்கிக்கொண்டே வெளியேறினார்.

ஒரு வருடம் பொத்தான் தைத்தும் ஓரம் அடித்தும் அந்தப் பணத்தை மறுபடி சேர்த்துவிட்டாள். இந்த வியாழக்கிழமை கண் அறுவைச் சிகிச்சை. இன்னும் தள்ளிப்போட முடியாது. இடது கண்ணிலும் புரை விழத் தொடங்கியிருக்கிறது. இரண்டும் போனால் தையலும் போயிற்று.

செவ்வாய்க்கிழமை பகல், நான் சொட்டு மருந்து விட்டு முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. மருந்து வழியும் கண்ணோடு ஊசிகளைத் துழாவிக் கவ்வினாள்.

"மேடம், மோசடித் தடுப்பு ஆபீஸ்லேர்ந்து பேசறோம். போன வருஷம் நீங்க இழந்த பணம் கிடைச்சிடுச்சு."

தொகையைச் சில்லறை பிசகாமல் சொன்னான். பணத்தைத் திருடியவனுக்கும் அது தெரியும்தானே என்று எனக்கு உறைத்தது. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ம்."

"இப்ப ஒரு நம்பர் வரும். வாசிச்சீங்கன்னா பணம் உங்க கணக்குக்கு வந்துடும். வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க."

கைபேசி சிணுங்கியது. நான் அதை எடுக்கக் கை நீட்டினேன். என் மணிக்கட்டில் அளவுகோலால் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு உதட்டிலிருந்து ஓர் ஊசியை உருவி மெத்தையில் குத்தினாள். இன்னொன்று. மூன்று, நான்கு. திரையைக் கண்ணருகே கொண்டுபோனாள். ஐந்தாவதும் மெத்தைக்குப் போயிற்று. இவள் வாசிக்கப்போகிறாள் என்றே நினைத்தேன்.

"சீக்கிரம் மேடம்! அஞ்சு நிமிஷத்துல ஃபைலை மூடிடுவோம். அப்புறம் நாங்க பொறுப்பில்ல!"

ஆறாவது ஊசியைத் தொட்ட விரல் அங்கேயே நின்றது. அதே விரல் இறங்கி, சிவப்புப் பொத்தானை அமுக்கியது.

"கவர்மென்ட் ஆபீஸு... என்னிக்குக்கா அவசரப்பட்டிருக்கு?" என்றாள், மிச்ச ஊசியைப் பல்லில் கடித்தபடி.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

கைபேசி மறுபடி அடித்தது. இரண்டு முறை அடித்தும் நிற்கவில்லை, மகள் இல்லை. அவள் மெத்தையை அருகில் இழுத்து, ஐந்து ஊசிகளையும் ஒவ்வொன்றாக உருவி, திரும்ப உதட்டில் வைத்துக்கொண்டாள்.