நின்று நின்று ஓடிய கம்ப்யூட்டர்

என் வீட்டுக் கம்ப்யூட்டர் அப்போது இரண்டு மாதமாக நின்று நின்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரேயடியாக நிற்காது. வேலை செய்துகொண்டிருக்கும்போதே திரை அப்படியே உறைந்துவிடும். மௌஸை ஆட்டினால் அம்புக்குறி அசையாது. மூலையில் இருக்கும் கடிகாரம்கூட நின்றிருக்கும். பெட்டியின் முன்னால் உள்ள சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் இமைக்காமல் எரியும். இருபது எண்ணுவேன், சில சமயம் நாற்பது. பிறகு எல்லாம் மறுபடி ஓடும். அதற்குள் நான் தட்டியிருந்த எழுத்துகள் மொத்தமும் ஒரே மூச்சில் வந்து விழும்.

ஆம்பூரில் வீட்டில் இருந்தபடியே டிசைன் வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு விழா பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர். பைலை பைபாஸ் பக்கம் இருக்கும் பிரஸ்ஸுக்கு அனுப்பினால் அவர்கள் அடித்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கிக் கோத்துக் கொடுத்தது என் அண்ணன். ஷூ கம்பெனியில் மெஷின் பிட்டர். தையல் மெஷின்தான் அவனுக்குத் தொழில் என்றாலும் ஸ்க்ரூ இருக்கிற எதையும் திறந்து பார்த்துவிடுவான். எனக்கும் அவனுக்கும் இரண்டே வயது வித்தியாசம். வா, போ என்றுதான் பேசிக்கொள்வோம். அவன் மட்டும் நாற்பது தாண்டியும் என்னைப் பாப்பா என்பான்.

மூன்று தெரு தள்ளித்தான் அவன் வீடு. ஆனால் அந்த இரண்டு மாதமும் கம்பெனியில் ஷிப்மென்ட் நெருக்கடி. ஞாயிற்றுக்கிழமையும் போனான். அதனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனிலேயே வைத்தியம் சொன்னான். சூடாகி நிற்கிறது என்று முதலில் சொன்னான். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டி, டேபிள் பேனை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். அப்படியும் நின்றது. வைரஸ் பார்க்கிற புரோகிராம்தான் இழுக்கிறது, அதை எடுத்துவிடு என்றான். எடுத்தேன். நின்றது. பிறகு மெமரிப் பட்டையைக் கழற்றி, மஞ்சள் பல் வரிசை மாதிரி இருக்கிற ஓரத்தைப் பென்சில் ரப்பரால் தேய்க்கச் சொன்னான். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து தேய்த்தேன். அன்றைக்குச் சாயங்காலம் வரை ஒழுங்காக ஓடியது. அவனுக்குப் போன் போட்டுச் சொன்னேன், சந்தோஷப்பட்டான். அடுத்த நாள் காலையில் ஒரு வளைகாப்பு அழைப்பிதழின் நடுவில் நின்றது.

"இன்னா பாப்பா, இன்னுமா நிக்குது? வர்ற ஞாயித்துக்கெழம நானே வர்றேன். அதுவரிக்கும் அடிக்கடி சேவ் பண்ணிக்கோ" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய வியாழக்கிழமை விடியற்காலையில் அவனுக்கு நெஞ்சு வலி வந்தது. வேலூருக்குக் கொண்டு போனார்கள். பள்ளிகொண்டா வரும் முன்பே போய்விட்டான். அண்ணி கூடப் போயிருந்தாள். அவள்தான் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தாள். அவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அடுப்பில் பால் இருந்தது. அது பொங்கும்வரை நின்று, இறக்கிவைத்து, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

ஒன்பது மணிக்கு உடம்பு வீட்டுக்கு வந்துவிட்டது. எடுப்பது நான்கு மணிக்கு என்று முடிவானது. தெருக்காரர் ஒருவர் என்னிடம் வந்து, போஸ்டருக்குப் பிரஸ்ஸில் சொல்லிவிடட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நானே பிரஸ்காரருக்குப் போன் செய்தேன். அவர், "நீங்க இன்னிக்கு உக்கார வேணாம்மா. போட்டோவும் பேரும் மட்டும் அனுப்புங்க, நாங்க போட்டுக்குறோம்" என்றார். வேண்டாம், நானே போட்டு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். போட்டோ என் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று அண்ணியிடம் காரணம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அது உண்மைதான். ஆனால் போட்டோவை அனுப்ப இரண்டு நிமிடம் போதும் என்பதும் எனக்குத் தெரியும்.

கண்ணீர் அஞ்சலியைப் புதிதாக யாரும் போடுவதில்லை. முந்தைய ஆளுடைய பைலைத் திறந்து பெயரையும் படத்தையும் தேதியையும் மாற்றுவதுதான். முந்தின வாரம் இறந்துபோன ஆலங்காயத்துக் கடைக்காரர் ஒருவரின் பைல் இருந்தது. திறந்தேன். அவர் பெயரை அழித்துவிட்டு அண்ணன் பெயரைத் தட்டினேன். முதல் இரண்டு எழுத்து வந்ததும் திரை நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு எண்ணினேன். முப்பத்தொன்றில் மீதி எழுத்துகள் வந்தன.

பிறகு படம். பொங்கலுக்கு என் வீட்டு மாடியில் எடுத்தது, புதுச்சட்டையில் இருந்தான். அதை வெட்டி எடுத்து ஒட்டும் இடத்தில் மறுபடி நின்றது. ஒட்டுகிற பட்டனை மறுபடி அமுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் அமுக்கினேன். நின்றிருக்கும்போது அமுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியாததல்ல. ஓட ஆரம்பித்தபோது அண்ணன் ஏழு பேராக ஒருவர்மேல் ஒருவர் வந்து விழுந்தான். ஒவ்வொன்றாக அழித்தேன். இரண்டை அழித்ததும் நின்றது. இன்னும் இரண்டை அழித்ததும் நின்றது. எனக்கு எரிச்சல்கூட வரவில்லை. அந்த நேரம் முழுக்க எனக்கு வந்த ஒரே எண்ணம், இது இப்படியே நின்றுகொண்டிருந்தால் நான் அங்கே போக வேண்டியதில்லை என்பதுதான்.

அண்ணன் வீட்டிலிருந்து இரண்டு முறை ஆள் வந்தது. மூன்றாவது முறை, எண்ணெய் சீயக்காய் வைக்க வேண்டும், கூடப் பிறந்தவள் வராமல் குளிப்பாட்ட மாட்டோம் என்று சொல்லி அனுப்பினார்கள். போனேன். உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றினார்கள். அவன் தலையில் வைத்தேன். நெற்றி சில்லென்று இருந்தது. சுற்றி இருந்த பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் கட்டிக்கொள்ள விட்டுவிட்டு நின்றேன். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். எண்ணெய்ப் பிசுக்கு கீபோர்டில் ஒட்டியது.

அப்போதுதான் பாய் வந்தார். அண்ணனோடு பதினைந்து வருடமாக ஒரே செக்‌ஷனில் வேலை செய்த பிட்டர். அவர் வீட்டில் உருது பேசுவார்கள். அண்ணனோடு மட்டும் பாதித் தமிழும் பாதி உருதுமாகப் பேசிக்கொள்வார். வேலைக்குக் கிளம்பி, கம்பெனி வாசலில் சேதி தெரிந்து அப்படியே வந்தவர். சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. போஸ்டர் என்னாயிற்று என்று பார்த்துவரச் சொல்லி அவரை அனுப்பியிருந்தார்கள்.

நின்றுபோன திரையை அவரும் என்னோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தினி நாளா இப்பிடி?"

"ரெண்டு மாசமா, பாய்."

"லைட்டு எரிஞ்சிக்கினே நிக்குது. அப்ப டிஸ்க் பக்கந்தான் பேஜார்" என்றார்.

எந்த வேலை எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். டிஸ்க் நூறு சதவீதம் வேலையில் இருப்பதாகக் காட்டியது, ஆனால் அதிலிருந்து எதுவும் வரவில்லை, பூஜ்யம். கம்ப்யூட்டர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, டிஸ்க்கிலிருந்து பதில்தான் வரவில்லை என்று விளக்கினார். சேவ் செய்து அணைக்கச் சொன்னார். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்து தகட்டைக் கழற்றினார். டிஸ்க்கிலிருந்து போர்டுக்குப் போகும் சிவப்பு வயரை விரலால் தடவிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தினார். தகட்டை மூடும்போதெல்லாம் அது மடங்கியிருக்கிறது. முனையில் பிடித்துக்கொள்ளும் கொக்கியும் உடைந்திருந்தது. லேசாகத் தொட்டாலே ஆடியது.

"சிடி போடுறியாம்மா இதுல?"

"இல்ல பாய். வருஷக்கணக்கா போடல."

"அப்ப அந்த வயர் சும்மாதான கெடக்குது" என்று சிடி டிரைவின் வயரைப் பிடுங்கி டிஸ்க்கில் சொருகினார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கம்ப்யூட்டர் எழுந்தது. பைலைத் திறந்தேன். நிற்கவில்லை. தேதியை மாற்றினேன், கீழே குடும்பத்தார் பெயர்களைப் போட்டேன். நிற்கவில்லை. தூசியும் இல்லை, வைரஸ் புரோகிராமும் இல்லை, மெமரியும் இல்லை. அண்ணன் சொன்ன எதுவுமே சரியில்லை. இதை அவனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கடைக்குப் போனால் என்ன வாங்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொள்வோமே, அந்த அளவில்தான் நினைத்தேன்.

படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி நடுவில் வைத்தபோது பாய் திரையை நிமிர்ந்து பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்தபடியே அழ ஆரம்பித்தார். ஆம்பளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக் குடித்தார்.

"இத்த அவன் பாத்திருந்தா ரெண்டு நிமிஷத்துல கண்டுபுடிச்சிருப்பான்" என்றார்.

ரப்பர் விஷயத்தை நான் சொல்லவில்லை. "ஆமா பாய்" என்றேன்.

பைல் போய்ச் சேர்ந்தது. ஒரு மணிக்கெல்லாம் தெரு முனையிலும் கம்பெனி பஸ் நிற்கும் இடத்திலும் ஒட்டிவிட்டார்கள். நான்கு மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் தெரு முனையோடு நின்றுவிட்டோம்.

அடுத்த சில நாளில் என்னைப் பற்றிப் பேச்சு வந்தது. அண்ணன் கிடக்கும்போது இவள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தாள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று. என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டுச் சண்டைக்குப் போகப் பார்த்தார். நான்தான் வேண்டாம் என்றேன். அவர்கள் சொன்னதில் பொய் இல்லையே. அண்ணியும் அப்படி நினைக்கிறாளோ என்பது மட்டும் உறுத்தியது. காரியம் முடியும்வரை அவள் என்னிடம் எதுவும் பேசவில்லை.

பதினாறாம் நாள் கழிந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் அண்ணி என் வீட்டுக்கு வந்தாள். கம்பெனியில் அவளுக்கு ஏதாவது வேலை கேட்டு ஒரு மனு தட்டித்தர வேண்டும் என்றாள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். அவன் வேலைக்குச் சேர்ந்த வருடம், டோக்கன் நம்பர், செக்‌ஷன் எல்லாம் தாளைப் பார்க்காமல் சொன்னாள். நான் தட்டினேன். முடிந்து பிரிண்ட் எடுக்கும்போது, அன்றைக்கு நான் அழாததைப் பற்றிக் கேட்டுவிட்டேன். என்மேல் கோபமா என்றேன்.

அவள் தாளை மடித்துக்கொண்டே சொன்னாள்: "நான் வேலூர் ரோட்டுல ஆட்டோவுல அத்தினி அழுதேன். இன்னா ஆச்சு? நீ அழலன்னா அழல. உட்டுடு."

இரண்டு வாரத்தில் அவளைப் பேக்கிங் செக்‌ஷனில் எடுத்துக்கொண்டார்கள். காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு என் வீட்டு வழியாகத்தான் போகிறாள். சில நாள் டிபன் பாக்ஸில் வைக்கக் கொஞ்சம் துவையல் கேட்டு வாங்கிக்கொண்டு போவாள்.

எனக்கு இன்றுவரை அழுகை வரவில்லை. ஏதோ ஒரு நாள் வரும் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். இருக்கலாம். இந்த வாரம் இரண்டு கல்யாணப் பத்திரிகையும் ஒரு கடைத் திறப்பு விழா பேனரும் வந்திருக்கின்றன. மூன்றையும் சனிக்கிழமைக்குள் பிரஸ்ஸுக்கு அனுப்ப வேண்டும்.