சிரம்பானுக்கு மேலே என் மகள்

எங்கள் வீட்டில் பஞ்சாங்கம் பார்க்காமல் சுவரில் ஆணிகூட அடிக்க மாட்டோம். ராகு, எமகண்டம், கரிநாள், பெண்ணுக்குச் சந்திராஷ்டமம் என்று எல்லாம் பார்த்துத்தான் என் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு அக்டோபர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தோம். பார்க்காமல் விட்டது ஒன்றே ஒன்று. அந்த மாதத்தில் கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கின் வானம் மத்தியானத்துக்கு மேல் என்ன செய்யும் என்பது. கொடியில் துணி போடுவதற்கே மேகத்தை அண்ணாந்து பார்க்கிற சனம் நாங்கள். அப்படியும் அது ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை.

மகள் கடல் தாண்டிச் சரவாக்கில் ஆசிரியை. கூச்சிங்கிலிருந்து காரில் அரைநாள் உள்ளே போனால்தான் அவள் பள்ளிக்கூடம். சனிக்கிழமை அங்கே விளையாட்டுப் போட்டி, முதல் நாளே கிளம்ப வழியில்லை. ஞாயிறு நண்பகல் விமானம். இரண்டு மணிக்கு இறங்கி ஏர்போர்ட் ரயிலைப் பிடித்தால் நேரே கேஎல் சென்ட்ரல். அதனால்தான் கிள்ளானில் கோயில் மண்டபம் கிடைத்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மேல்மாடி மண்டபத்தைப் பிடித்தேன். ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்துவிடலாம். என் சாமர்த்தியத்தை நானே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டேன். நல்ல நேரம் நாலேகால் வரை, நாலரைக்கு ராகு. கணக்கு கச்சிதமாக இருந்தது.

விமானம் ஏறுவதற்கு முன் அவள் கூப்பிட்டாள். பின்னால் அறிவிப்புச் சத்தம்.

"அப்பா, நான் வராம தட்டு மாத்திராதீங்க. எல்லார் முன்னாடியும் ஒண்ணு சொல்லணும். சொன்ன பிறகு மாத்திக்கலாம்."

"என்னம்மா விஷயம்? இப்பவே சொல்லு."

"நேர்ல வந்து சொல்றேன்பா. ப்ளீஸ். போர்டிங் கூப்பிடுறாங்க."

வைத்துவிட்டாள். மனைவியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். அவள் பூச்சரத்தைக் கையில் பிடித்தபடியே, "அது ஒண்ணும் இருக்காதுங்க. நீங்க உங்க மூஞ்சிய மாத்துங்க மொதல்ல, ஆளுங்க வர்ற நேரம்" என்றாள்.

மாப்பிள்ளை வீட்டார் சுங்கை பூலோவிலிருந்து இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அந்த இடத்தில் நிற்பவர் பெரியப்பா. வெள்ளைச் சட்டை, கனத்த குரல், வேட்டியின் மடிப்பு கலையாத மனிதர். அம்மா அதிகம் பேசாதவர். வந்தவர்களுக்குப் பன்னீர் தெளித்து, உட்காரவைத்து, காப்பி கொடுத்து முடிக்கும்போது வெளியே வெளிச்சம் போய்விட்டது. மண்டபத்தில் விளக்குப் போட்டார்கள். போட்ட கையோடு முதல் இடி விழுந்தது. ஐயோ என்று ஒரு குழந்தை அலறியது.

என் மனைவியின் தம்பி, என் மச்சான், எதற்கெடுத்தாலும் போனைத் தட்டுகிற ஆள். விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டும் ஒரு ஆப்பைத் திறந்து என்னிடம் நீட்டினான். வரைபடத்தில் குட்டியாக ஒரு மஞ்சள் விமானம், ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பிய என் மகளின் விமானம். அது ஏர்போர்ட்டுக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் சிரம்பானுக்குத் தெற்கே நீளவட்டமாகப் போய்க்கொண்டிருந்தது. போன கோட்டின் மேலேயே திரும்ப வந்தது.

"என்னடா இது, வழி தெரியாம சுத்துறான்?"

"வழி தெரியும் மாமா. ஏர்போர்ட்டு மேல மழை புயல் மாதிரி நிக்குது. எறங்க விட மாட்டாங்க. ஹோல்டிங்ல வச்சிருக்காங்க. கோயில்ல பிரகாரம் சுத்துற மாதிரி சுத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

"எவ்வளவு நேரம்?"

"மழை விடுற வரைக்கும். இல்ல எண்ணெய் கொறையுற வரைக்கும். கொறைஞ்சா ஜொகூர் பாருக்குக் கொண்டு போயிருவாங்க."

ஜொகூர் பாரு! அங்கிருந்து வர அடுத்த நாள் ஆனாலும் ஆகும். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம் இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும். சமையல்காரர் வந்து, "பாயசம் இறுகுது அங்கிள், என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். "என் தலையில ஊத்துங்க" என்றேன். பாவம், அவர் என்ன செய்வார்.

செய்தி பரவியது. எல்லோரும் தங்கள் தங்கள் போனில் அந்த ஆப்பைத் தேடினார்கள். கொஞ்ச நேரத்தில் மண்டபத்தில் பாதிப் பேர் குனிந்த தலையோடு போனுக்குள் என் மகளோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தார்கள். "இதோ திரும்புது, திரும்புது... அடச்சே, மறுபடியும் போயிருச்சு" என்று ஓர் அத்தை வர்ணனையே கொடுத்தார்.

நாலு மணி நெருங்கியது. பெரியப்பா எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, நேரம் போகுது. தட்ட மாத்திருவோம்."

"பொண்ணு வரலையேண்ணே."

"தட்டு மாத்துறது பெரியவங்க வேலை. அதுக்குப் பொண்ணு எதுக்கு? எனக்குத் தட்டு மாத்தினப்ப என் பொஞ்சாதி ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டிக்கிட்டு இருந்தா. சாயங்காலம் வந்துதான் அவளுக்கே சேதி தெரியும். இன்னைக்கு வரைக்கும் ஒரு கொறையும் இல்ல."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் வழக்கம். தாம்பூலமும் பழமும் வைத்த தட்டை இரண்டு வீட்டுப் பெரியவர்கள் கைமாற்றினால் வாக்குக் கொடுத்தாயிற்று. மோதிரம், கேக், போட்டோ எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. தட்டு மாறிய பிறகு பின்வாங்கினால் பெண்ணுக்குத்தான் பேச்சு.

நேரத்தைக் கடத்த எனக்கு ஒரு குறுக்குப் புத்தி தோன்றியது. சீர்த்தட்டுகள் ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். பதினொன்று வைத்திருந்தோம். யாரும் பார்க்காத நேரம் ஆப்பிள் தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். திரும்பி வந்து அப்பாவி மாதிரி, "எதுக்கும் தட்ட ஒரு தடவை எண்ணிப் பாருங்க" என்றேன். பத்து! ஒரே களேபரம். எங்கள் பக்கம் பதினொன்று என்று சத்தியம் செய்தது, அவர்கள் பக்கம் கண்ணெதிரே பத்து என்றது. அடேங்கப்பா, என்ன வாதம்! மச்சான் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தான். கடைசியில் என் மைத்துனி, வாழைப்பழத் தட்டிலிருந்து ஒரு சீப்பைப் பிய்த்து வேறு தட்டில் வைத்து, "பதினொண்ணு ஆச்சு, வாங்க லா!" என்று முடித்துவைத்தாள். என் திட்டம் கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் மனைவி என்னை ஜன்னல் ஓரம் இழுத்தாள். அவளும் மாற்றிவிடச் சொல்லத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"மாத்தாதீங்க" என்றாள். "எனக்குத் தட்டு மாத்தினப்ப நான் நைட் ஷிப்டு முடிச்சு வந்து தூங்கிக்கிட்டு இருந்தேன். எழுப்பிச் சேலையக் கட்டிவிட்டாங்க. ஏன் எதுக்குன்னுகூட நான் கேக்கல. அவ கேட்டிருக்கா இல்ல? வாயத் தொறந்து கேட்டிருக்கா."

இத்தனை வருடத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. வெளியே மழை தெருவே தெரியாதபடி அடித்துக்கொண்டிருந்தது. மகள் என்ன சொல்லப்போகிறாள்? இந்தப் பையன் வேண்டாம் என்றா? வேறு யாராவது இருக்கிறார்களா? அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று நான்தானே எல்லோரிடமும் சொன்னேன். அவள் சிரித்தாள், நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். சாப்பாட்டுக் கடையில்கூட அவளுக்கு என்ன வேண்டும் என்று நானே சொல்லிவிடுகிற ஆள் நான். அன்பில்தான் செய்தேன். ஆனால் அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று இப்போது யோசித்துப் பார்த்தால் எனக்குத் தெரியவில்லை.

சபை நடுவே போய் நின்றேன். "மன்னிக்கணும். எம் மக வராம தட்டு மாத்த மாட்டேன்."

பெரியப்பாவின் முகம் சிவந்துவிட்டது. "இன்னும் ஒரு நிமிஷத்துல நேரம் முடியுது. எங்கள வரவச்சு அவமானப்படுத்துறியா தம்பி? அப்புறம் இந்தச் சம்பந்தமே எங்களுக்கு வேணாம். வாங்க, கெளம்புவோம்!"

யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து குரல் வந்தது. அதுவரை பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, "பெரியப்பா, அவங்க வரட்டும்" என்றான். அவன் அம்மாவும் வாயைத் திறந்தார். "ஆக்கப் பொறுத்தோம், ஆறப் பொறுக்கக் கூடாதா?"

பெரியப்பா யார் பேச்சையும் கேட்கிற நிலையில் இல்லை. விடுவிடுவென்று படியிறங்கிப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. கீழே தெருவில் தண்ணீர் ஏறி, வேன் நின்ற இடத்துக்கே போக முடியவில்லை. அப்புறம் என்ன, எல்லோரும் மாட்டிக்கொண்டோம். மனைவி ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள். சமையல்காரர் சுடச்சுட வடையும் தேநீரும் அனுப்பினார். பெரியப்பா என்னைப் பார்க்காமல் வடையைத் தின்றார். நாலரை தாண்டி ராகு பிடித்துவிட்டது. இனி ஆறு மணி வரை யாரும் யாரையும் அவசரப்படுத்த முடியாது. ராகு காலத்தை நான் நன்றியோடு நினைத்தது அன்றைக்கு மட்டும்தான்.

"எறங்குது!" என்று மச்சான் கத்தினான். மஞ்சள் விமானம் வட்டத்தை விட்டு விலகி நேர்க்கோட்டில் வந்தது. கைதட்டினார்கள். அவர்கள் பக்கத்திலும் தட்டினார்கள். பெரியப்பா தட்டவில்லை, ஆனால் எட்டிப் பார்த்தார்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவள் வந்தாள். மழை தூறலாகியிருந்தது. ஜீன்ஸை மடித்துவிட்டு, காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு, முதுகில் பையோடு மாடிப்படி ஏறினாள். படியில் இறங்கிப்போய் எதிரே நின்றேன்.

"மாத்திட்டீங்களாப்பா?"

"இல்ல."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. "மேல சுத்திக்கிட்டே இருந்தோம்பா. எப்படியும் மாத்தியிருப்பீங்கன்னு நெனச்சு அழுதுட்டேன். பக்கத்து சீட்டு ஆன்டி, நான் இடிக்குப் பயந்துட்டேன்னு கையப் பிடிச்சுக்கிட்டாங்க."

"சொல்லும்மா. என்ன விஷயம்?"

"டிரான்ஸ்பர் வந்துச்சுப்பா. நான் வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டேன். இன்னும் ரெண்டு வருஷம் அங்கேயேதான். அவர்கிட்ட நேத்தே சொல்லிட்டேன். வீட்டுல நானே வந்து சொல்றேன், நீங்க சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன்."

ஜனவரியில் இங்கே சிலாங்கூருக்கே மாற்றலாகி வந்துவிடுவாள் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்ததே நான்தான்.

"இத ஏம்மா போன்ல சொல்லல?"

"போன்ல சொன்னா நீங்க எனக்குப் பதிலா பேசி முடிச்சிருப்பீங்கப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது.

சேலை மாற்றக்கூடப் போகவில்லை. ஈரத் தலையோடு சபை நடுவே போய் நின்று, கைகூப்பி, எல்லாவற்றையும் சொன்னாள். எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாமல் இருந்த பிள்ளைகள் இப்போதுதான் வாசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள், பாதியில் விட்டுவிட்டு வர மனமில்லை என்றாள். தட்டு மாறிய பிறகு சொல்லியிருந்தால் அது ஏமாற்றுவதாக இருக்கும் என்றாள்.

பெரியப்பா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"தம்பி, ஜனவரியில வந்துருவான்னு நீதான சொன்ன? இப்ப என்ன சொல்ற?"

பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அது சின்னப் பிள்ளை பேச்சுண்ணே, நான் பேசிச் சரி பண்ணிடுறேன். இத்தனை காலமும் அப்படித்தான் பேசி வந்திருக்கிறேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கினேன்.

"என்னைக் கேக்காதீங்கண்ணே. இதோ நிக்கிறா, அவளையே கேளுங்க."

பெரியப்பா நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். ஒருமுறை செருமிக்கொண்டார்.

"ரெண்டு வருஷம் கெடக்கட்டும். சொல்லும்மா, இந்தப் பையன் உனக்குச் சம்மதமா?"

எத்தனையோ வீட்டு நிச்சயதார்த்தங்களில் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். தட்டு பிடித்திருக்கிறேன், சாட்சி நின்றிருக்கிறேன். ஒரு பெண்ணிடம் சபையில் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. என் மகளிடம் நானும் கேட்டதில்லை.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவன் சரி என்பதுபோல் தலையை ஆட்டினான்.

"சம்மதம் பெரியப்பா" என்றாள்.