சந்திரிகா மூடிவைத்த கணினி

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் சந்திரிகா எனக்குப் பக்கத்து வீடு. இணையதளம் எழுதிக்கொடுப்பது அவள் பிழைப்பு. வேலையில் கெட்டிக்காரி. தப்பை ஒத்துக்கொள்ள மட்டும் வாய் வராது. அதில் எனக்கு அவள்மேல் எப்போதும் கொஞ்சம் எரிச்சல்தான்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வரும் பால்குடக்காரர்கள் தாங்கள் புறப்படும் நேரத்தைக் கைப்பேசியிலேயே பதிந்துகொள்ள, எங்கள் தண்ணீர்ப் பந்தலுக்கு ஒரு தளம் செய்தாள். அது எங்கோ ஒரு வாடகை சர்வரில் ஓடியது. தன் மடிக்கணினி வழியாக அதற்குள் நுழைந்து, கறுப்புத் திரையில் node app.js என்று தட்டுவாள். தளம் எழுந்து உட்காரும். அந்தத் திரையையோ மடிக்கணினியையோ மூடினால் தளமும் படுத்துவிடும். அப்படிப் படுக்காமல் தானாக ஓட வைக்க இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருந்தது. அதைச் செய்யாமலே பந்தல் தலைவர் சுகுமாரனிடம், "எல்லாம் செட்டுண்ணே" என்று சொல்லிவிட்டாள். மடிக்கணினி ராப்பகலாகத் திறந்தே கிடந்ததால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

பூசத்தன்று காலை தலைமுழுகி, மஞ்சள் சேலை கட்டி, விளக்கேற்றுமுன் வீட்டை ஒழுங்குபண்ணினாள். அந்த வேகத்தில் கணினியையும் மூடிவைத்தாள். பிறகு வாயில் மஞ்சள் துணியைக் கட்டிக்கொண்டாள். மலையேறி அபிஷேகம் முடியும்வரை பேசுவதில்லை என்று வேண்டுதல்.

அவள் வந்து சேர்ந்தபோது பந்தலில் ஒரே கூச்சல். தளம் திறக்கவில்லை. சிம்பாங் அம்பாட்டிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள் யார் முன்னே, யார் பின்னே என்று சண்டை போட்டார்கள். பூசக் கூட்டத்தில் லைன் கிடைக்காதென்று எல்லாரும் பந்தல் வைஃபையைத்தான் பிடித்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொடுத்தவன் குணாளன். சுகுமாரன் எல்லார் முன்னாலும் அவனைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வைஃபை ஒழுங்கா போடத் தெரியல, நீயெல்லாம் எதுக்குடா வந்த? போலா, சாமானக் கட்டு!"

சந்திரிகா தன் கைப்பேசியைத் திறந்தாள். பந்தல் வைஃபையில் மற்றதெல்லாம் வந்தது, அவள் தளம் மட்டும் வரவில்லை. நொடியில் விளங்கிவிட்டது. முகம் சுட்டது. வாய்த்துணியைத் தொட்டுப் பார்த்து, அப்பாடா, நான்தான் பேசக்கூடாதே என்று நினைத்தாளாம். அவளே இதைச் சொன்னபோது கேட்ட எனக்கே கூசியது.

மலையேறினாள். அபிஷேகம் முடிந்து வாய்த்துணியை அவிழ்த்தாள். முருகனிடம் கேட்க ஒன்றும் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. இறங்கி வந்தபோது குணாளன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"சாரிக்கா. ஒங்க சைட்ட நான்தான் கெடுத்துட்டேன்."

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

"ஒன் வைஃபை நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. நான் வீட்டுல லேப்டாப்ப மூடிட்டேன், அதான் சைட்டு நின்னுருச்சு. அவரு ஒன்ன ஏசுறப்பவே எனக்குத் தெரியும். வாயக் கட்டியிருந்தேனா, அதான்..."

குணாளன் கோபப்படவில்லை. அவள் கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்தான்.

"ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமேக்கா," என்றான்.