மகள் படத்துக்கு வைத்த பெயர்

பள்ளிக்கூடத்தில் ஏதாவது ஒரு தீவைப் பற்றிச் செய்துவரச் சொன்னார்களாம். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் வெள்ளை அட்டையை என் முன்னால் விரித்தாள்.

"அப்பா, உங்கட தீவைக் கீறித் தாங்கோ."

கண்ணை மூடிக்கொண்டும் கீறுவேன் என்று வீறாப்பாகத் தொடங்கினேன். பருத்தித்துறை, காங்கேசன்துறை, தீவுப்பகுதி, ஆனையிறவு என்று வந்து சேர்வதற்குள் அட்டையில் பாதி முடிந்துவிட்டது. மிச்சத் தீவை அதற்குக் கீழே ஒரு பைபோலத் தொங்கவிட்டேன்.

மட்டக்களப்புக்காரியான என் மனைவி எட்டிப் பார்த்தாள். "எங்கட வாவி எங்க? உங்களுக்கு ஆனையிறவோட உலகம் முடிஞ்சிரும்" என்று அழிறப்பரை எடுத்து, நான் கீறியதை அழித்துத் தன் கரையை நீட்டினாள்.

மகள் கணினியில் உண்மையான படத்தைக் காட்டினாள். வடக்கு முனையில் என் குடாநாடு நகத்துண்டு அளவுதான் இருந்தது. நடுவில் மலைகள்.

"இந்த மலைக்குப் போனனீங்களோ?"

"இல்லை."

"இந்த ஆறு?"

"அதுவும் இல்லைப் பிள்ளை."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தெற்கே நான் போனது ஒரே ஒரு தடவை, சண்டைக் காலத்தில், விமானம் ஏற. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும், அடையாள அட்டை இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பதிலேயே வழி முடிந்துவிட்டது. இப்போது கனடாவில், கிழமைக்கு ஒருமுறை பிறம்ரனிலிருந்து மொன்றியலுக்கு லொறி ஓட்டுகிறேன். போகும் தூரமே அந்தத் தீவின் நீளத்தைவிட அதிகம். ஒரு மேடு ஏறினாலே, மலைநாட்டுப் பாதை இப்படித்தான் இருக்குமோ என்று மனம் கிடந்து அடிக்கும். பிறந்த வீட்டை நினைத்து ஏங்கினால் நாலு பேருக்கு விளங்கும். கண்ணால் காணாத மலைக்கு ஏங்குகிறேன் என்று யாரிடம் சொல்வது?

மகள் புது அட்டையில் தானே கீறினாள். தலைப்பைத் தமிழில்தான் எழுதுவேன் என்று நின்று, இரண்டே எழுத்தில் முடித்தாள்: ஊர்.

"உது நாட்டின்ர பேர் இல்லையம்மா."

"நீங்கள்தானே எப்பவும் சொல்லுறனீங்கள், ஊருக்குப் போகவேணும், ஊருக்குப் போகவேணும் எண்டு!"

நான் சொன்ன ஊர் நாலு ஒழுங்கையும் ஒரு கோயிலும் மட்டும்தான். அதை விளக்க வாயெடுத்தேன். அவளோ தென்முனையிலிருந்து மலை, ஆறு, வாவி எல்லாவற்றையும் சேர்த்து, என் நகத்துண்டு வரைக்கும் ஒரே பச்சையைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

அழிறப்பரை எடுத்து என் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.