நான் போட்ட சுண்ணாம்பு

எங்கள் தோட்டம் பெருமாள்மலையிலிருந்து பேத்துப்பாறைக்குப் போகிற வழியில், பாதைக்கு மேலே சரிவில் இருந்தது. உருளைக்கிழங்கும் பீன்ஸும் போடுவோம். வீட்டுக்குப் பின்னால், பாத்திகளுக்குத் தண்ணீர் பாய்ச்ச என் மாமனார் வெட்டிவைத்த குளம். மேலே சோலைக்குள்ளிருந்து இறங்கும் ஓடையில் ஒரு சின்ன வாய்க்கால் பிரித்து அதில் விட்டிருந்தார்கள். ஐம்பதுகளின் நடுவில் நான் கல்யாணமாகி மலையேறி வந்தபோது அதில் தவளையும் பாசியும்தான் இருந்தன.

நான் வத்தலக்குண்டில் கண்மாய் மீன் தின்று வளர்ந்தவள். இங்கே வந்தபின் வாய்க்கு ருசியே இல்லாமல் போயிற்று. அதை ஒருமுறை பேச்சுவாக்கில் என் கணவரிடம் சொன்னேன். சில மாதம் கழித்து, கொடைக்கானலுக்குப் போனவர் ஒரு பால் கேனை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். கேனைச் சுற்றி ஈரச் சாக்கு. மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே விரல் நகம் அளவுக்கு மீன் குஞ்சுகள்.

"மீன் ஆபீசுல கேட்டு வாங்கினேன். குளிர் தாங்குமாம். இனி உன் பாடு, குளத்துப் பாடு" என்றார்.

கண்ணாடிக் கெண்டை என்றார்கள் அதை. உடம்பெல்லாம் செதில் இருக்காது, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய செதில்கள், வெயில் பட்டால் கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னும்.

அன்றிலிருந்து குளம் என் சோலியாயிற்று. யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மார்கழி, தை மாதங்களில் பள்ளத்துப் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். அப்போது மீன்கள் அடியில் போய் அசையாமல் இருக்கும். முதல் வருடம் பசியால் வாடுகின்றன என்று நினைத்துத் தவிட்டைக் கொண்டுபோய்க் கொட்டினேன். அது தின்னப்படாமல் அடியில் அழுகி நாற்றமெடுத்தது. குளிரில் அவற்றுக்குப் பசிக்காது, சும்மா விட்டுவிட வேண்டும் என்று அப்புறம் புரிந்தது. மாசி கழிந்து வெயில் ஏறினால் தாமாகவே மேலே வரும். கரையோரம், சோலையில் வளரும் மரப்பெரணியின் நார் வேர்களைக் கட்டுக் கட்டாகப் போட்டுவைத்தால் அதில் முட்டையிடும். முட்டை ஒட்டிய கட்டுகளை உடனே எடுத்து வேறு தொட்டியில் வைக்காவிட்டால் பெற்றவையே தின்றுவிடும்.

சித்திரையில்தான் பயம். ஓடை மெலிந்து, குளத்துத் தண்ணீர் பச்சையாகிவிடும். விடிகிற நேரம் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். வெள்ளனே எழுந்துபோய் மூங்கில் கம்பால் தண்ணீரை அடித்துக் கலக்குவேன். கலக்கக் கலக்க மீன்கள் கொஞ்சம் தெளிந்து கீழே போகும். ஐப்பசி மழையில் இதற்கு நேர்மாறு. சிவப்புச் சேறு கரைந்து வரும், வாய்க்காலை அடைத்துவிட வேண்டும். மழை ஓய்ந்ததும் குளம் புளித்த மாதிரி ஒரு வாசனை அடிக்கும். அப்போது நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த பாகத்தைக் கரையோரமாகச் சுற்றித் தெளிப்பேன். ஒரு சிரட்டை அளவு கூடினாலும் எனக்குக் கை கூசும். நிறம் மாறுகிறதா என்று பார்த்துப் பார்த்து ஊற்றுவேன்.

மீன்கள் வளர்ந்தன. குஞ்சு பொரித்தன. மீன்கொத்தியை விரட்டச் செத்தையில் பொம்மை கட்டினேன். கொடைக்கானலில் இருக்கிற மிஷன் பங்களாச் சமையல்காரர் வெள்ளிக்கிழமைக்கு மீன் வேண்டும் என்று ஆளனுப்ப ஆரம்பித்தார். எனக்குக் குழந்தைகள் பிறக்கவில்லை. அதைப் பற்றி ஊரில் பேச்சு இருந்தது. ஆனாலும் அந்த வருடங்களில் யாராவது விருந்தாளி வந்தால் என் கணவர் முதலில் குளத்துக்குத்தான் கூட்டிப்போவார். "என் சம்சாரம் வளர்த்தது" என்பார். அதைக் கேட்கவே நான் பின்னால் போவேன்.

அறுபதுகளில் மருந்து வந்தது. உருளைக்கிழங்கில் பூச்சி விழுந்து இலையெல்லாம் சல்லடையாகிக் கிடந்த ஒரு வருடம், மேல் தோட்டத்துக்காரரும் என் கணவரும் சேர்ந்து வத்தலக்குண்டில் மருந்து டப்பாவும் முதுகில் மாட்டிக்கொள்கிற பித்தளைப் பம்பும் வாங்கி வந்தார்கள். மேல் தோட்டத்துக்காரர் எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி. என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவர் மனைவியை நான் மதினி என்பேன். எங்கள் வாய்க்கால் பிரிகிற ஓடை அவர்கள் தோட்டத்து ஓரமாகத்தான் வரும்.

பம்பு வந்த அன்றே நான் இருவரிடமும் சொன்னேன். "அதை ஓடையில மட்டும் கழுவிராதீங்க. தண்ணி நேரா குளத்துக்குத்தான் வருது."

"எங்களுக்குத் தெரியாதா தங்கச்சி" என்றார் அவர். என் கணவர் சிரித்தார்.

அந்தக் கார்த்திகையில் மழை விட்டதும் நான் வழக்கம்போலச் சுண்ணாம்பு தெளித்தேன். இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு சாயங்காலம் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு திரும்பியபோது குளத்தின் மேல் காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். தண்ணீர் பால் மாதிரி வெளுத்திருந்தது. அதன் மேல் மீன்கள், வயிறு மேலாக. சில இன்னும் பக்கவாட்டில் சுழன்று சுழன்று நீந்திக்கொண்டிருந்தன. பெரிய தாய்மீன் ஒன்று கரையில் மூக்கை முட்டி முட்டி நின்றது. அதைக் கையில் ஏந்தினேன். கையிலேயே நடுங்கி அடங்கிற்று.

எனக்கு வந்த முதல் நினைப்பு சுண்ணாம்பு. வெள்ளைத் தண்ணீரைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்? நான் ஊற்றியபோது தெளிவோடு கட்டி ஏதும் விழுந்து, குளத்தடியில் தங்கி இப்போது கரைந்துவிட்டதோ என்று நினைத்தேன். என் கணவரும் மேல் தோட்டத்துக்காரரும் மேட்டிலிருந்து இறங்கி வந்தார்கள்.

"நாந்தாங்க கொன்னுட்டேன். நான் போட்ட சுண்ணாம்புதாங்க" என்று அழுதேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது அதற்கு நான் அர்த்தம் பார்க்கவில்லை. மேல் தோட்டத்துக்காரர்தான் முதலில் பேசினார்.

"அளவு மிஞ்சிருச்சு போல தங்கச்சி. விடு. யாருக்கும் வர்றதுதான்."

என் கணவர் மண்வெட்டி எடுத்துவந்து பேரிக்காய் மரத்தடியில் குழி வெட்டினார். செத்த மீன்களைக் கூடையில் அள்ளி அவரே புதைத்தார். என்னைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்து, அடுப்பு மூட்டி, காப்பி போட்டுக் கொடுத்தார். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர் அடுப்படிக்கு வந்தது அன்றைக்குத்தான். இப்படிப்பட்ட மனுஷனுக்கு நான் இப்படிச் செய்துவிட்டேனே என்று அதற்கும் சேர்த்து அழுதேன்.

பொங்கலுக்கு என் கணவருடைய சொந்தக்காரர்கள் வந்திருந்தபோது யாரோ மீன் கேட்டார்கள். "மீனா? இவ சுண்ணாம்ப அள்ளிக் கொட்டிட்டா" என்றார் மேல் தோட்டத்துக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். நாத்தனார் என்னைச் சுண்ணாம்புக்காரி என்றாள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கல்யாண வீடு, காதுகுத்து எங்கே போனாலும் வெற்றிலைத் தட்டு வந்தால் என் பக்கம் பார்த்து ஒரு சிரிப்பு எழும். "சுண்ணாம்பை அவ கையில குடுக்காதீங்கப்பா" என்பார்கள். என் கணவரும் கூடவே சிரிப்பார். நானும் சிரித்து வைப்பேன். பிள்ளையும் இல்லை, வளர்த்த மீனையும் கொன்றவள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்குக் கேட்டது அதுதான்.

அடுத்த கோடையில் மறுபடி குஞ்சு விட்டோம். முட்டை வைத்த தொட்டியில் தங்கியிருந்த கொஞ்சம் குஞ்சும் இருந்தது. ஆனால் நான் சுண்ணாம்பைத் தொடவில்லை. மழை முடிந்து குளம் புளித்த வாசனை அடித்தது, தெரிந்தே இருந்தேன். சுண்ணாம்பு டப்பாவைக் கையில் எடுப்பேன், அந்தத் தாய்மீன் நடுங்கினது ஞாபகம் வரும், திரும்ப வைத்துவிடுவேன். குளிர் இறங்கியதும் மீன்களின் வாலிலும் செவுளிலும் பஞ்சு ஒட்டிய மாதிரி வெள்ளையாகப் பூத்தது. வாளியில் உப்புத் தண்ணீர் கரைத்து ஒவ்வொன்றாகப் பிடித்து முக்கி எடுத்தேன். விரல்கள் குளிரில் விறைத்துப் போயின. சிலது பிழைத்தது, பலது போயிற்று. சுண்ணாம்பு போட்டிருந்தால் இது வந்திருக்காது என்று உள்ளுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. உன் புத்தியை நம்பித்தானே அன்றைக்குக் கெட்டாய் என்று இன்னொன்று சொன்னது.

தை மாதம், விதைக்கிழங்கு கேட்க மேல் தோட்டத்துக்குப் போனேன். மதினி வீட்டுப் பின்னால், தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பித்தளைப் பம்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். பம்புக்குள் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்தாள். வந்த தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக ஓடியது.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மதினி, இந்த மருந்து தண்ணி பட்டா இப்படித்தான் வெளுக்குமா?"

"ஆமா, பாலு கணக்காத்தான் ஆகும். அதான் இங்கன குழி வெட்டி ஊத்துறோம். அன்னைக்கு உங்க வீட்டுக்காரரு டப்பாவோட ஓடையில கவுத்ததுக்கு அப்புறம் இவரு ஓடைப் பக்கமே போகவுடுறதில்ல."

"எங்க வீட்டுக்காரரா?"

மதினி கையை நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அவரு சொல்லலையா? நான் என்னமோ உங்களுக்குள்ள பேசி முடிச்ச சங்கதின்னுல்ல நெனச்சேன்" என்றாள்.

விதைக்கிழங்கு வாங்காமலே இறங்கி வந்தேன். என் கணவர் பீன்ஸ் கொடிக்குக் குச்சி ஊன்றிக்கொண்டிருந்தார். நேரே போய் எதிரில் நின்றேன்.

"அன்னைக்கு ஓடையில மருந்தக் கவுத்தது நீங்களா?"

அவர் குச்சியைக் கீழே வைத்தார். மறுக்கவில்லை. அது ஒன்றுதான் அவர் செய்த மரியாதை.

"கை தவறிருச்சு. வேணும்னா செஞ்சேன்? சொல்லணும்னுதான் ஓடி வந்தேன். நீயே நாந்தான் கொன்னுட்டேன்னு அழுதுக்கிட்டிருந்த. அப்புறம் எப்பிடிச் சொல்ல?"

"நான் அழுதப்பவாவது சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா நீ என்னைய என்னன்னு நெனப்ப?"

"அதுக்காக என்னைய நானே அப்பிடி நெனைக்க விட்டீங்களா?"

அவர் குனிந்து குச்சியை எடுத்து மறுபடி ஊன்றினார். பிறகு, "என்னத்தா, மீனுதானே. அதான் திரும்ப வாங்கி விட்டுட்டோமே" என்றார்.

கை தவறினதை நான் அன்றைக்கே மன்னித்திருப்பேன். அவரைத் தேற்றியிருப்பேன், அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருப்பேன். மனதில் புரண்டுகொண்டே இருந்தது வேறு. அவர் வெட்டின குழி, பிடித்த கை, ஊதின அடுப்பு. என் வாழ்க்கையில் யாரும் காட்டாத பிரியம் என்று நான் பொத்தி வைத்திருந்த அந்தச் சாயங்காலம். கல்யாண வீடுகளில் எல்லாரோடும் சேர்ந்து அவர் சிரித்த சிரிப்பு. ஒவ்வொரு முறையும் அவருக்குத் தெரியும். அண்ணன் என்று நான் கூப்பிட்ட மனுஷனுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

சொந்தக்காரர்கள் நடுவில் அவரே ஒருமுறை உண்மையைச் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். சரி என்றார். நாத்தனார் மகள் சடங்கில் சொல்வார் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை. அடுத்த விசேஷத்தில் வெற்றிலைத் தட்டு வந்து வழக்கமான சிரிப்பு எழுந்தபோது நானே சொன்னேன்.

"மீனைக் கொன்னது என் சுண்ணாம்பு இல்ல. இவரு ஓடையில கவுத்த மருந்து."

எழுந்த சிரிப்பு அப்படியே நின்றது. நாத்தனார்தான் சமாளித்தாள். "சரி விடு, பழைய கதை. நாலு பேரு முன்னாடி புருசனை இப்பிடியா பேசுறது?" என்றாள். என் கணவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். சுண்ணாம்புக்காரி என்ற பெயர் அதன் பிறகும் போகவில்லை.

அந்த மாசியில் நானே கூலிக்கு ஆள் பிடித்து, மேல் தோட்டத்தைத் தொடாத ஒரு ஊற்றிலிருந்து குளத்துக்குப் புது வாய்க்கால் வெட்டினேன். ஓடைத் தண்ணீர் வருகிற பழைய வாயைக் கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்தேன். சுண்ணாம்பைக் கரைத்து, தெளிய வைத்து, பழைய அளவிலேயே கரை சுற்றித் தெளித்தேன். மறுநாள் மீன்கள் நன்றாகவே இருந்தன. ஒரு வாரத்தில் புளித்த வாசனை போயிற்று.

அவரோடு அப்புறமும் ரொம்ப வருடம் வாழ்ந்தேன். குடிக்கிறவர் இல்லை, அடிக்கிறவர் இல்லை, நல்ல மனுஷன் என்றுதான் ஊரில் பெயர். மாட்டைக் கட்டிவிட்டேன் என்று அவர் சொன்னால் தலையாட்டுவேன். அவர் படுத்ததும் எழுந்துபோய்க் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன்.